அண்ணன் போட்ட பாலமும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் நம் உறவினர்களில் பாதிப் பேர் தங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். மீதிப் பேர் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவார்கள். அண்ணன் இருந்திருந்தால் இரண்டையும் செய்திருக்க மாட்டார். பின் அட்டையைத் திருப்பி, இது எந்த அச்சகம், இவன் ஏன் சொன்ன தேதிக்கு முன்னாலேயே அடித்துக் கொடுத்தான் என்று விசாரித்திருப்பார். அப்படிப்பட்டவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்று அண்ணி சொல்லியிருக்கிறார்கள். முடிந்தவரை முயல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்கு வராது. அது நான் செய்த தப்பு. அதற்குரிய இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஹனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். நான் நடை பழகிக்கொண்டிருந்த வருடம் அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்த வாரமே பங்காளிகள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு பேச்சுக்குத்தான்" என்று அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதோடு நாங்கள் உழுத காடு போயிற்று. பதினைந்து வயதில் அண்ணன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

மைசூருக்குச் சித்தாளாக வந்தார். விஜயநகரில் வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். மண் சுமந்து, கலவை போட்டு, கரண்டி பிடித்து, பத்து வருடத்தில் மேஸ்திரி ஆனார். அம்மாவையும் என்னையும் அழைத்துவந்து கால்வாய் ஓரத்து வீதியில் வீடு பிடித்தார். என்னைக் கன்னடப் பள்ளியில் சேர்த்துப் பத்தாவது வரை படிக்கவைத்தார். அம்மா போன பிறகும் நிறுத்தவில்லை. கல்யாணம் முடிந்து அண்ணி வந்த பிறகும் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

நம்ப மாட்டார், அவ்வளவுதான். சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் பார்க்காமல் பிரிக்க விட மாட்டார். டீக்கடையில் டீ குடிக்க மாட்டார், தூளில் புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் கண்டக்டர் "எல்லி?" என்று இறங்கும் இடத்தைக் கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். அண்ணி இதையெல்லாம் பார்த்து, "என்னையக் கட்டறதுக்கு முன்னால எத்தனை பேர்கிட்ட விசாரிச்சாரோ தெரியலே" என்பார்கள். பதினோரு பேர். எனக்குத் தெரியும்.

இனிப் பாலங்களுக்கு வருகிறேன். வெளியூர் உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீதிக்கும் பஸ் போகிற பெரிய ரோட்டுக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது. சர்க்கார் கட்டிய பாலம் ஒரு மைல் தள்ளி இருந்தது. அதனால் அவரவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பாலம் செய்துகொண்டார்கள். வடக்கே லைன்மேன் நாகராஜண்ணன் பழைய கரண்ட் மரக் கம்பங்கள் இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தார். அவை கழித்துப்போட்ட கம்பங்கள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் வீதி நம்பவில்லை. தெற்கே பால்காரி கெம்பம்மா தன் எருமைகளுக்காகத் தென்னை மரத்தைப் பிளந்து அடுக்கியிருந்தாள்.

யார் போட்டதோ அவர் பெயர்தான் பாலத்துக்கு. அவரோடு பேச்சுவார்த்தை இருந்தால்தான் அதில் நடக்கலாம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் குழந்தைகூட மீறாது. சண்டை வந்துவிட்டால் அந்தப் பாலம் கிடையாது, அடுத்த பாலம்தான். ஆகவே காலையில் வாசல் தெளித்துக்கொண்டே யார் எந்தப் பாலத்தில் போகிறார்கள் என்று பார்த்தால் போதும், வீதி நிலவரம் முழுவதும் தெரிந்துவிடும். நேற்றுவரை தெற்கே போனவள் இன்றைக்கு வடக்கே போனால், "என்ன சங்கதி?" என்று நான்கு வீட்டில் கதவு திறக்கும். வேறு இடத்தில் பால் வாங்குகிறவர்கள் கெம்பம்மா பாலத்தில் கால் வைத்தால் அவள் சாணி அள்ளிக்கொண்டே கேட்பாள்: "யாக்கம்மா, நம்ம ஹாலு புளிச்சுப் போச்சா? மரம் மட்டும் இனிக்குதா?"

இந்த வழக்கத்தால் என் கல்யாணப் பேச்சு ஒன்று முறிந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெண் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து வந்தவர்கள் விவரம் தெரியாமல் கெம்பம்மா பாலத்தில் வந்துவிட்டார்கள். அந்த மாதம் அவளுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை, எருமை எங்கள் முருங்கையைக் கடித்த தகராறு. அண்ணன் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"எந்தப் பக்கமா வந்தீங்க?"

"அந்தத் தென்ன மரத்து வழியாத்தானுங்க. ஒரு அம்மா வழி காட்டுனாங்க."

"வழி மட்டுமா காட்டுனா? எங்களப் பத்தி என்ன சொன்னா? அதச் சொல்லிப்போட்டு உள்ள வாங்க."

அவர்கள் காபி குடிக்காமலே திரும்பிப் போனார்கள். சமையலறையில் தட்டோடு நின்றுகொண்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு மாதம் அண்ணனோடு நேருக்கு நேர் பேசவில்லை. அண்ணி வழியாகத்தான் உப்பு, புளி எல்லாம்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அண்ணன் சொந்தப் பாலம் போட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. நம் வீட்டுக்கு நேர் எதிரே, இரண்டு கரையிலும் கருங்கல் முட்டு கட்டி, மேலே கல் பலகைகள் பரப்பி, சந்துகளைப் பூசி, எருமை போனாலும் அசையாத மாதிரி செய்தார். ஆனால் கைப்பிடிச் சுவரை வடக்குப் பக்கம் மட்டும் இடுப்பு உயரத்துக்கு எழுப்பினார். தெற்குப் பக்கம் ஒன்றுமில்லை.

வீதிக்கு இது போதாதா. கேட்காமல் ஒருவன் ஊருக்கு உபகாரம் செய்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றார்கள். அக்கரையில் காலியாகக் கிடந்த இடத்தை வளைக்கப் போகிறார் என்று ஒரு பேச்சு. அந்த ஒற்றைச் சுவர் நாளைக்குக் கடையாகிவிடும் என்று இன்னொரு பேச்சு. ஏன் ஒரு பக்கம் மட்டும் சுவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன், "செங்கல் தீந்துபோச்சு" என்று ஒரே பதிலைச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே செங்கல் அடுக்கியிருந்தது.

இரண்டு வாரம் அதில் ஒருவரும் நடக்கவில்லை. முதலில் நடந்தது கெம்பம்மாவின் எருமை. அதற்கு யாரோடும் சண்டை இல்லை. அதை ஓட்டிக்கொண்டு கெம்பம்மா வந்தாள், அவளைப் பார்த்து வேலைக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

நான் மட்டும் போகவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. என் கம்பெனி பஸ் ரோட்டில் நிற்கும் இடம் எங்கள் வாசலிலிருந்து தெரியாது. இந்தப் பாலத்தின் வழியாக நான் வந்தால் வாசலுக்கு நேர் எதிரே பஸ்ஸை விட்டு இறங்குவேன், யாரோடு இறங்குகிறேன், யாரோடு பேசுகிறேன் என்பது முழுவதும் வாசலிலிருந்தே தெரியும். என்னை வேவு பார்க்கத்தான் இதைக் கட்டினார் என்று முடிவு செய்துவிட்டேன். வீம்புக்கு லைன்மேன் பாலத்திலேயே போனேன். கம்பம் இரண்டும் உருளை, வழுக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தோடு நடப்பேன். அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு ஒரு கூத்து நடந்தது. லைன்மேன் பாலத்தின் முனையில், நம் கரைப் பக்கம், ஒரு டீக்கடை இருந்தது. என் பஸ் வருகிற நேரத்துக்குச் சரியாக அண்ணன் அந்தக் கடை பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். கையில் டீ கிளாஸ். டீக்கடை டீயை விஷம் என்று சொன்ன மனிதர். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது.

"ஏனுங் அண்ணி, அவருக்கு எப்ப இருந்து டீ புடிக்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன புள்ள தெரியும்" என்று அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அந்த வாரம் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில், இடது கையால், கன்னடத்தில் ஒரு கடுதாசி எழுதினேன். சர்க்கார் கால்வாயில் மேஸ்திரி ஒருவர் அனுமதி இல்லாமல் பாலம் கட்டியிருக்கிறார், அக்கரை நிலத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று, வீதியில் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்து எழுதினேன். பெயர் போடவில்லை. கால்வாய் ஆபீஸ் விலாசத்துக்குத் தபாலில் போட்டேன். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். பாலத்தை இடிக்க வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் அவரைத் தண்ணீருக்குள் இறக்கிவிடாத குறையாக அழைத்துப்போய் முட்டுகளைக் காட்டினார். தண்ணீருக்கு எங்கும் தடை இல்லை. அதிகாரி பலகை மேல் இரண்டு தடவை குதித்துப் பார்த்தார், கல் அசையவில்லை. சுவரைப் பற்றி அவரும் கேட்டார், செங்கல் தீர்ந்த கதையை அவருக்கும் அண்ணன் சொன்னார். ஆபீஸே இவ்வளவு கெட்டியாகக் கட்டாது என்று சிரித்துவிட்டு, வந்த கடுதாசியை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். அண்ணன் அந்தக் கையெழுத்தைக் கண்ணால் விழுங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் தொடங்கியது விசாரணை. வீதிக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று கன்னடத்தில் மனு ஒன்று தயாரித்து, வீடு வீடாகப் போனார். "கையெழுத்து மட்டும் போதாது, பேரு, வீட்டு விலாசம் எல்லாம் உங்க கையாலேயே எழுதோணும்" என்றார். முப்பது வீட்டுக் கையெழுத்தையும் வாசலில் விரித்துவைத்து மூன்று நாள் பார்த்தார். பார்த்து முடித்த காகிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணி அதை உரிய இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வீதிக்கு விளக்கு வந்துவிட்டது. இன்றுவரை எங்கள் வீதியில் எரிகிற அந்த விளக்கு, மொட்டைக் கடுதாசி எழுதியவரைப் பிடிக்கப் போட்ட வலை.

ஆனால் வலையில் விழுந்தது நாகராஜண்ணன். கடுதாசியில் இருந்த மாதிரியே அவருடைய எழுத்தும் இடது பக்கம் சாயும். அவர் பாலத்தில் நடக்கிற கூட்டம் குறைந்துபோனதும் ஒரு காரணமாகத் தெரிந்தது. அண்ணன் முடிவு கட்டிவிட்டார். முந்தைய தீபாவளிவரை ஒரே இலையில் சாப்பிட்டவர்கள், அதன்பின் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மையில் திருப்பிக்கொண்டது அண்ணன் மட்டும். நாகராஜண்ணன் ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பார். என்னோடு அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், அதனால் நான் அவர் கம்பத்திலேயே போய்வந்தேன். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஐந்து வருடம் போயிற்று.

அதற்குள் அண்ணன் எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்துவைத்தார். மாப்பிள்ளையைப் பற்றி மூன்று மாதம் விசாரித்தார். என் கணவர் வேலை செய்யும் இடத்தில் வாட்ச்மேனைக்கூட விடவில்லை. வீதியில் யார் வீட்டில் சுவர் விரிந்தாலும், கூரை ஒழுகினாலும், திட்டிக்கொண்டே போய்ச் சரிசெய்து கொடுப்பார். பேச்சு இல்லாத வீட்டுக்கும் போவார், பேசாமலே பூசிவிட்டு வருவார். கெம்பம்மாவின் தொழுவத்துத் தரை அவர் போட்டதுதான்.

போன வருடம் மூச்சுத் திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிமெண்ட் தூசி நெஞ்சில் படிந்திருக்கிறது என்றார்கள். அங்கேயும் குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸம்மாவிடம், "அந்தச் சீட்டைக் கொஞ்சம் இப்பிடித் திருப்புங்க பாக்கலாம்" என்றார். அவர்கள் கோபப்படாமல் தேதியை வாசித்துக் காட்டினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, வராந்தாவில் நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். அவருடைய ஸ்வெட்டரை எடுத்துவர வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தேன். அண்ணி கையைப் பிடித்தார்கள்.

"இன்னிக்காவது அவரு பாலத்துல போ புள்ள."

"என்னைய வேவு பாக்கக் கட்டுன பாலத்துல நான் எதுக்குங் அண்ணி போகோணும்?"

அண்ணி என் கையை விடாமல் மறுபடியும் உட்காரவைத்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்.

"உன்னைய எங்க வேவு பாத்தாரு? கம்பத்து மேல பொம்பளைங்க சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுப் போறத, அந்த டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஆம்பளைங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. தெனமும் அதே நேரத்துக்கு வந்து உக்காருவாங்களாம். இவரு கண்ணுல அது பட்டுப்போச்சு. வெளிய சொன்னா, அவனவன் பொண்டாட்டி புள்ளைய வேலைக்கு அனுப்பறத நிறுத்திருவான், பொம்பளைங்க பொழப்பு போயிரும்னாரு. அதுக்குத்தான் பாலம். அந்தக் கடைப் பக்கம் மட்டும் சுவரு. நீ வீம்புக்குக் கம்பத்துலயே போனே. அவரு என்ன பண்ணுவாரு? கூடப் பொறந்தவகிட்ட இதச் சொல்ல வாய் வருமா? நீ வர்ற நேரத்துக்குப் போயி அந்த பெஞ்சுல உக்காந்துக்குவாரு. அண்ணன்காரன் பக்கத்துல உக்காந்திருந்தா எவன் தலையத் தூக்கிப் பாப்பான்? டீயக் குடிக்காம கால்வாய்ல ஊத்திப்போட்டு வருவாரு."

பஸ் ஏறி, இறங்கி, முதல் தடவையாக அண்ணன் பாலத்தில் நடந்தேன். சுவர் என் இடுப்புவரை வந்தது. பாதியில் நின்று வடக்கே பார்த்தேன். டீக்கடை பெஞ்சு நேராகத் தெரிந்தது. அதில் யார் யார் உட்காருவார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவர்களில் சிலர் கைக்கும் இந்த மலர் வரும். அண்ணன் யார் பெயரையும் சொல்லவில்லை என்பதால் நானும் எழுதவில்லை.

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அண்ணன் விழித்திருந்தார்.

"அண்ணா, இன்னிக்கு உங்க பாலத்துலதான் வந்தேன்."

"ஏன், கம்பத்துக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலே. சும்மாதான்."

"சும்மாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அண்ணா, அந்த மொட்டைக் கடுதாசி இருக்குதுங்களே..."

"அது நாகராஜன் வேலை. கெடக்குது, விடு."

"வீதியில எல்லார்கிட்டயும் எழுதி வாங்குனீங்க. என்கிட்ட மட்டும் ஏன் வாங்கலே?"

மூச்சு வாங்க அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு கேள்விதான் அவருக்குப் புரியவில்லை. "உன்கிட்ட எதுக்கு அம்மிணி வாங்கோணும்?" என்றார்.

கொண்டுவந்த ஸ்வெட்டரை அவருக்கு மாட்டிவிட்டேன். நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார். உலகத்தில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட மனிதர் விட்டுவைத்த ஒரே ஆள் நான். அந்த ஆள்தான் எழுதியவள் என்பது தெரியாமலே போய்விட்டார். இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

துக்கம் கேட்க முதலில் வந்தவர் நாகராஜண்ணன். வாசலில் பந்தலுக்கு விளக்குக் கட்டினார். பாடையின் முன் கொம்பைப் பிடித்தவரும் அவர்தான். எல்லாம் முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "அஞ்சு வருசமா என்னையத் திருடன் மாதிரிப் பாத்தாரும்மா. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, காலைப் புடிச்சாவது சொல்லியிருப்பேன்." சொம்பு என் கையில் இருந்தது. அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்போதும் சொல்லவில்லை.

எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். ஹனூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த சொந்தங்களுக்கும், பாட்டில் சீட்டை வாசித்துக் காட்டிய நர்ஸம்மாவுக்கும், பதினாறு நாளும் கேட்காமலே பால் ஊற்றிய கெம்பம்மாவுக்கும் நன்றி. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது வாசித்துக் காட்டுங்கள், முருங்கைத் தகராறை மட்டும் விட்டுவிட்டு.

நாகராஜண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் உரிமை இல்லை. நாகராஜண்ணா, அந்தக் கடுதாசியை எழுதியது நான். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கள் அண்ணன் உங்களைத் தப்பாக நினைத்ததும் என்னால்தான், அந்தப் பாவம் அவருக்கு வேண்டாம்.

மலர் அச்சாகி வந்ததும், யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், முதல் பிரதியை நம் வீதியில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறேன். படித்துவிட்டு என்னோடு பேசினால், உங்கள் கம்பத்தின் மேல் திரும்பிப் போவேன். பேசாவிட்டால், அண்ணன் பாலம் இருக்கிறது.